பழுது பார்த்த பிறகும் குளிரவில்லையா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மெர்லிமாவில் இருக்கும் என் சின்னம்மா மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, ஏர்கோன் செஞ்சு பதினைஞ்சு நாள்கூட ஆகல. மறுபடியும் சூடா வருது. ரெண்டு தடவை கேஸ் ஊத்தியாச்சு. அம்மா பின் சீட்ல உட்கார்ந்துகிட்டு ஒண்ணும் பேச மாட்டேங்குறாங்க."

சின்னம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மெர்லிமாவிலிருந்து செர்க்காம், உம்பாய், தெலுக் மாஸ் வழியாக மலாக்கா நகருக்கு வந்து போக வேண்டும். ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். காலையில் போகும்போது தொல்லை இல்லை. சிகிச்சை முடிந்து மதியம் திரும்பும்போதுதான் வெயில் உச்சியில் நிற்கும். செமாபோக் பக்கம் சமிக்ஞை விளக்கில் கார் நின்றால், உள்ளே அடுப்பங்கரைபோல ஆகிவிடும்.

டயாலிசிஸ் செய்பவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவர் அளந்து சொல்லியிருப்பார். மற்றவர்களுக்குக் கார் சூடானால் ஒரு புட்டி தண்ணீரோடு போய்விடும். சின்னம்மாவுக்கு அப்படி இல்லை. தாகம் எடுக்கும், குடிக்க முடியாது. அதனால்தான் அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏர்கோன் என்பது சொகுசு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த அழைப்பு வேறு பாடம் சொன்னது.

அந்த வாரம் அந்தக் காரோடு நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியதையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை

முதலில் ஓர் அடிப்படை. ஏர்கோன் குளிரை உற்பத்தி செய்வதில்லை. காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவ நிலையிலிருந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. கையில் கொஞ்சம் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதே கதை. சூட்டைச் சுமந்த கேஸை கம்ப்ரசர் இழுத்து அழுத்தி, காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே காற்று பட்டுச் சூடு வெளியேறுகிறது. கேஸ் மறுபடியும் திரவமாகிறது. அது டிரையர் வழியாக வந்து, எக்ஸ்பேன்ஷன் வால்வ் என்ற மிகச் சிறிய துவாரத்தைக் கடந்து, திரும்பவும் கூலிங் காயிலுக்குள் நுழைகிறது.

இந்தச் சுற்றில் இரண்டு இடங்களில் காற்று வேண்டும். உள்ளே கூலிங் காயிலின் மேல் புளோவர் வீசும் காற்று. வெளியே கண்டென்சரின் மேல் கார் ஓட்டத்தாலோ விசிறியாலோ வரும் காற்று. கேஸ், கம்ப்ரசர், இந்த இரண்டு காற்று ஆகிய நான்கில் எது குறைந்தாலும் குளிர் குறையும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் முதலில் சொல்வது ஒரே ஒரு வார்த்தைதான்: "கேஸ் போயிடுச்சு."

நம் ஊரில் ஏர்கோனுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அது காற்றின் ஈரம். கூலிங் காயில் காற்றைக் குளிரச் செய்வதற்கு முன் அதிலுள்ள ஈரத்தையும் நீராக்கி இறக்க வேண்டும். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். அது சொட்டினால் நல்ல அறிகுறி. காருக்கு வெளியே சொட்டாமல், முன் இருக்கையின் கால்மிதியில் ஈரம் தெரிந்தால், வடிகால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

எப்போது குளிரவில்லை?

நான் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு கேஸ் ஊத்தினாங்க?" என்பதல்ல. "எப்ப குளிரலை?" என்பதுதான்.

மருத்துவரிடம் போனால் "எப்போது வலிக்கிறது, எந்தப் பக்கம் வலிக்கிறது" என்று கேட்கிறார் அல்லவா? ஏர்கோனுக்கும் அதுவே முறை. பட்டறைக்குப் போகும் முன் இரண்டு நாள் கவனித்துக் குறித்து வையுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் சூடாகிறது: கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. விசிறி சுற்றவில்லை, மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கண்டென்சர் அழுக்கேறிக் கிடக்கிறது. கேஸ் அளவுக்கு மிஞ்சினாலும் இப்படி ஆகும். கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் இன்ஜின் மெதுவாக ஓடும்போது வலு குறையும்.

முதலில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்று வீசும் வேகமே குறைந்துபோகிறது. அணைத்துச் சிறிது நேரம் விட்டால் சரியாகிறது: கூலிங் காயிலில் பனி படிந்து காற்றை அடைக்கிறது. அதன் வெப்ப உணரி சரியான இடத்தில் பொருத்தப்படாமல் இருக்கலாம்.

காற்று வேகமாகவே வருகிறது, ஆனால் குளிர் திடீரென்று போய் மறுபடி வருகிறது: உள்ளே ஈரம் புகுந்து எக்ஸ்பேன்ஷன் வால்வில் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் அதிகமாகிப் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தினாலும் இப்படித்தான் வரும்.

காற்று நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, ஆனால் வேகமே இல்லை: கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது கூலிங் காயிலில் தூசு அப்பியிருக்கிறது. இதற்குக் கேஸ் ஊற்றினால் பணம்தான் ஊற்றியதாகும்.

பழுது பார்த்த அன்று நன்றாக இருந்தது, நாளாக ஆகக் குறைந்துகொண்டே வருகிறது: கசிவு. புதிதாகப் பொருத்திய இணைப்பிலோ, மாற்றாமல் விட்ட பழைய ரப்பர் வளையத்திலோ, கண்ணுக்குத் தெரியாத கூலிங் காயிலிலோ ஓட்டை இருக்கிறது.

டாஷ்போர்டைக் கழற்றி மாட்டிய நாளிலிருந்தே எப்போதும் ஒரே மாதிரி அரைகுறைக் குளிர்: ஹீட்டர் உள்ள கார்களில் சூட்டையும் குளிரையும் கலக்கும் சிறு கதவு ஒன்று உண்டு. அதன் கம்பி சரியாக மாட்டப்படாவிட்டால், ஒரு பக்கம் ஏர்கோன் குளிர்விக்க, மறுபக்கம் ஹீட்டர் சூடேற்றிக்கொண்டிருக்கும்.

தம்பி இரண்டு நாள் கவனித்துவிட்டுச் சொன்னான்: "காலையில ஐஸ் மாதிரி இருக்கு அண்ணே. மத்தியானம் ரோட்ல ஓடுறப்பவும் பரவாயில்ல. சிக்னல்ல நின்னா போச்சு. முதல் தடவை கேஸ் ஊத்தின பிறகு இன்னும் மோசமாத்தான் ஆச்சு."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு ஓரளவு புரிந்துவிட்டது.

கேஸ் கூடினால் குளிர் கூடாது

நம் மக்களிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கேஸ் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு குளிர். இது தவறு. குழம்புக்கு உப்புப் போல அதற்கு ஓர் அளவு உண்டு. குறைந்தாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும்.

உங்கள் காரின் முன் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலேயோ ஒரு சிறு ஒட்டுவில்லை இருக்கும். என்ன வகை கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 500 கிராம்தான். அரைக் கிலோவுக்குள் அடங்கும் விஷயத்தில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் அது சிறிய பிழை அல்ல.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும்? கண்டென்சருக்குள் திரவம் தேங்கி, சூட்டை வெளியேற்ற வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும். கம்ப்ரசர் முக்கி முனகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஒரு கட்டத்தில் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். நீங்கள் பட்டறைக்குப் போய் "குளிரலை" என்பீர்கள். அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

"மீட்டர் வச்சுப் பாத்துத்தானே ஊத்துறாங்க?" என்று கேட்கலாம். மீட்டர் அழுத்தத்தைக் காட்டும், எடையைக் காட்டாது. இன்ஜினை அணைத்து வைத்திருக்கும்போது, 30 டிகிரி வெயிலில், ஆர்-134ஏ கேஸ் உள்ள காரில் இரண்டு மீட்டருமே ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே சிறிதளவு திரவம் இருந்தாலும் அதே அளவுதான், நிறைய இருந்தாலும் அதே அளவுதான். சமையல் எரிவாயுத் தோம்பு போலத்தான் இதுவும். தோம்பில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்த்துத்தானே சொல்கிறோம்?

இன்ஜின் ஓடும்போது மீட்டர் நல்ல வழிகாட்டி. ஆனால் தாழ்வழுத்தம், உயர்வழுத்தம் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெயில் 33 டிகிரியை ஒட்டி இருக்கும் மதியத்தில், நல்ல நிலையில் உள்ள ஒரு சிறிய கார் நின்றபடி ஓடினால், தாழ்பக்கம் 30 முதல் 50 வரையும் உயர்பக்கம் 200 முதல் 275 வரையும் இருப்பது வழக்கம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் மிகுதி, காற்றுக் கலப்பு, அல்லது விசிறிக் கோளாறு. தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசருக்கு வலு இல்லை. குழாயைத் தொட்டுப் பார்த்துச் "சில்லுனு இருக்கு, போதும்" என்பது கணக்கு ஆகாது.

திறந்த வீட்டுக்குள் நுழைபவை

கம்ப்ரசரையோ கூலிங் காயிலையோ மாற்ற வேண்டுமானால் குழாயைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய நொடியிலேயே காற்றும் ஈரமும் உள்ளே புகுந்துவிடும். பழுதுக்குப் பிறகு வரும் தொல்லைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

காற்று கேஸைப் போலத் திரவமாகாது. கண்டென்சருக்குள் சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். ஈரம் அதைவிட மோசம். எக்ஸ்பேன்ஷன் வால்வின் துவாரத்தில் உறைந்து அடைக்கும். கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும்.

இதற்குத்தான் வெக்கூம் இழுக்கிறார்கள். பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் தண்ணீர் சாதாரண அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைப் பம்பு இழுத்துவிடும். ஈரம் முழுவதும் ஆவியாக நேரம் வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் பம்பு ஓட வேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வெக்கூம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அந்த அவசரத்துக்கு நீங்கள்தான் பிறகு விலை கொடுக்க வேண்டும்.

டிரையர் என்பது ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கொண்ட சிறு வடிகட்டி. புதிய பிஸ்கட் டின்னில் ஒரு சிறு பொட்டலம் போட்டிருப்பார்களே, அந்த வேலையைச் செய்வது. குழாய் திறந்து கிடந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும். கம்ப்ரசர் மாற்றும்போது இதையும் மாற்றுவதுதான் முறை. சில கார்களில் அது கண்டென்சரோடு ஒட்டியே இருக்கும்.

பழைய கம்ப்ரசர் உள்ளே உடைந்து தேய்ந்து செத்திருந்தால், அதன் உலோகத் தூள் குழாய் முழுவதும் பரவியிருக்கும். கழுவாமல் புதியதை மாட்டினால் அந்தத் தூள் எக்ஸ்பேன்ஷன் வால்வை அடைக்கும். புதிய கம்ப்ரசரையும் தின்றுவிடும். "போன வருசம்தானே கம்ப்ரசர் மாத்தினோம்" என்று வருந்தும் பல வீடுகளின் கதை இதுதான்.

எண்ணெய்க்கும் அளவு உண்டு. குறைந்தால் கம்ப்ரசர் தேயும். மிஞ்சினால் எண்ணெய் கூலிங் காயிலின் உள்சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருக்கும் இளையோர் ஒன்றை நினைவில் வையுங்கள். பல மாதிரிகளில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி வகை எண்ணெய் வேண்டும். சாதாரணக் காருக்கு ஊற்றும் எண்ணெயை அதில் கலக்கக் கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள்.

தம்பியின் காரில் கண்டது

சனிக்கிழமை காலை மெர்லிமாவுக்குப் போனேன். சமையலறை வெப்பமானி ஒன்றை நடு துவாரத்தில் செருகி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, நிழலில் நின்றபடி பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டோம். முதலில் 11 டிகிரி வரை இறங்கியது. பிறகு ஏறத் தொடங்கி 19-இல் நின்றது. நல்ல ஏர்கோன் இந்தச் சோதனையில் 10 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்க வேண்டும்.

முன் மூடியைத் திறந்து ஏர்கோனைப் போடச் சொன்னேன். இரண்டு விசிறி இருக்கும் கார் அது. ஒன்று சுற்றியது. மற்றொன்று சும்மா நின்றது.

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறவில்லை. ரேடியேட்டர் விசிறி தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததால் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. கண்டென்சர் விசிறிதான் செத்துக் கிடந்தது. கம்ப்ரசர் மாற்றும்போது இடத்துக்காக அந்த விசிறியை அவிழ்த்திருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது மின்பிளக் முழுதாக உட்காரவில்லை. ஓடும்போது வெளிக்காற்று கண்டென்சரில் பட்டதால் குளிர்ந்தது. நின்றால் காற்று இல்லை. கண்டென்சரின் இடுக்குகளில் தோட்டத்துச் செம்மண் வேறு படிந்திருந்தது. செம்பனைத் தோட்டத்துப் பாதையில் லாரிக்குப் பின்னால் போய் வரும் கார்களுக்கு இது புதிதல்ல.

பிளக்கை அழுத்தி உட்கார வைத்ததும் விசிறி சுற்றியது. செலவே இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இரண்டு முறை ஊற்றிய கேஸ் உள்ளே இருந்ததே! கேஸை எடை போட்டு எடுக்கும் இயந்திரம் உள்ள வேறொரு பட்டறைக்குப் போனோம். அவர் மீட்டரை மாட்டினார். விசிறி ஓடியும் உயர்பக்க முள் 300-ஐத் தாண்டியது. உள்ளிருந்த கேஸ் முழுவதையும் இயந்திரம் இழுத்தது. ஒட்டுவில்லையில் இருந்த அளவு 430 கிராம். உள்ளே இருந்தது 610 கிராம்.

அரை மணி நேரத்துக்கு மேல் வெக்கூம் இழுத்து, முள் நிற்கிறதா என்று பார்த்து, சரியாக 430 கிராம் ஏற்றினார். கண்டென்சரை மெல்லிய தண்ணீர்ப் பாய்ச்சலில் கழுவினார். மதியம் 1 மணி வெயிலில் நின்றபடி ஓடவிட்டதில் மீட்டர் 38-ம் 225-ம் காட்டியது. வெப்பமானி 9 டிகிரியில் நின்றது.

தம்பி இதற்கு முன் கொடுத்தது: ரீகோண்டிஷன் கம்ப்ரசருக்கும் கூலிக்கும் 780 வெள்ளி, இரண்டு முறை கேஸுக்கு 120 வெள்ளி. அன்று கொடுத்தது 150 வெள்ளி.

"ஏமாத்திட்டான் அண்ணே," என்றான் தம்பி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பட்டறைக்காரர் எங்களுக்கு நன்கு தெரிந்தவர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, தானாகக் கற்றுக்கொண்டு கடை போட்டவர். கம்ப்ரசரை அவர் சரியாகத்தான் மாட்டியிருந்தார். குளிரவில்லை என்று வந்ததும் காரணத்தைத் தேடாமல் கேஸை ஊற்றியதுதான் அவர் செய்த தவறு. எடை பார்க்கும் தராசும் அவரிடம் இல்லை. நாங்கள் போய் அமைதியாகச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் நின்றவர், கேஸுக்கு வாங்கிய 120 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். "தராசு ஒண்ணு வாங்கணும் தம்பி," என்றார். அவர் வாங்குவார் என்றுதான் நினைக்கிறேன்.

மலிவு கேஸில் மறைந்திருக்கும் ஆபத்து

ஒரு காலத்தில் கார்களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், 1987-ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழி உலகம் அதைக் கைவிடத் தொடங்கியது. 1990-களில் ஆர்-134ஏ வந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் அதுதான். அது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதனால் ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் அதைப் பயன்படுத்த முடியாது. புதிய மாதிரிகள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸ் வருகிறது. விலை கூடுதல். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. ஒட்டுவில்லையைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை ஏறும்போது போலியும் வரும். 2011-இல் கப்பல்களில் ஏற்றும் குளிர்பதனக் கொள்கலன்கள் சில வெடித்து மூன்று பேர் இறந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட போலி கேஸில் மீத்தைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கியது. நம் கார்களின் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். சமையல் எரிவாயு போன்ற தீப்பற்றும் கேஸைக் காரில் ஏற்றுவதும் அதே அளவு ஆபத்து. தோம்பில் என்ன பெயர் இருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டிலேயே கேஸ் ஊற்றிக்கொள்ளும் சிறு டின்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எடையும் தெரியாது, உயர்பக்க அழுத்தமும் தெரியாது. கேஸ் பீறிட்டுக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

ஏர்கோன் பழுது பார்க்கக் கொடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1. கசிவு எங்கே என்று கண்டுபிடித்தீர்களா? கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. சில மாதங்களில் குறைந்தது என்றால் வெளியே போயிருக்கிறது. கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும்.

2. டிரையரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றுகிறீர்களா? பழைய கம்ப்ரசர் உள்ளே உடைந்திருந்ததா? உடைந்திருந்தால் குழாய்களைக் கழுவுவீர்களா?

3. எவ்வளவு நேரம் வெக்கூம்?

4. எத்தனை கிராம் கேஸ் ஏற்றினீர்கள்? அதை ரசீதில் எழுதித் தாருங்கள்.

5. எல்லா விசிறியும் சுற்றுகிறதா? காரை நிறுத்தி வைத்து என் கண் முன்னால் காட்டுங்கள்.

6. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தாருங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், எதற்கெல்லாம்?

காலைக் குளிரில் காரைத் திருப்பி வாங்காதீர்கள். மதிய வெயிலில், நின்றபடி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். நான்கைந்து நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

பேசியும் தீரவில்லை என்றால்? 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். வேலையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஆனால் ரசீது இல்லாவிட்டால் பேசுவது கடினம். "தெரிஞ்சவர்தானே" என்று ரசீது வாங்காமல் வருவது நம்மவர் வழக்கம். தெரிந்தவரிடம்தான் கட்டாயம் வாங்க வேண்டும். நட்பு கெடாமல் இருக்க அதுவே நல்ல வழி.

வீட்டில் செய்யக்கூடியவை

கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

காரைக் கழுவும்போது முன் வலைக்குள் தெரியும் கண்டென்சர் மேலும் மெல்லத் தண்ணீர் விடுங்கள். உயர் அழுத்தப் பீச்சாங்குழலை நெருங்கி அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடியைத் திறந்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அனல் வெளியே போகட்டும். பிறகு கண்ணாடியை ஏற்றி உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகும் வரிசையில் ஊர்ந்து நிற்கும் கார்களை நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் காருக்குள் பாட்டியும் பேரப்பிள்ளையும் இருப்பார்கள். ஏர்கோனை அதற்கு முந்தைய வாரமே சோதித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஏர்கோன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழந்தையையோ முதியவரையோ காரில் விட்டுவிட்டு, "ரெண்டே நிமிசம்" என்று கடைக்குள் போகாதீர்கள். இன்ஜின் நின்ற கார் வெயிலில் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி கூடிவிடும்.

அடுத்த திங்கட்கிழமை சிகிச்சை முடிந்து திரும்பும்போது நானும் காரில் இருந்தேன். செமாபோக் சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தது. முன்னால் வரிசை நீளம். தம்பி கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். சின்னம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் குறைச்சு வையேன்பா, குளிருது," என்றார்.

தம்பி குறைக்கப் போன கையை ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தான்.